டீசலும் பாலின் வயதும்

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் பால் சேகரிக்கும் வான் படலையைக் கடக்கும்போது அதற்குள் இருப்பவை வெறும் கான்கள்தான். இணுவில், ஏழாலை, புன்னாலைக்கட்டுவன், அச்சுவேலி என்று கிழக்கே ஒரு கையும், சண்டிலிப்பாய், சங்கானை, சித்தங்கேணி, மூளாய் என்று மேற்கே ஒரு கையுமாக யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் விரிந்து கிடக்கும் 23 இடங்களில், ஒழுங்கை முகப்புகளில் காத்துநிற்பவர்களிடம் பாலை அளந்து வாங்கி, குளிரூட்டும் தொட்டிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலை. அப்பா தொடங்கிய சேகரிப்பு இது. நான் கணினி கற்பிப்பவன். 2021ஆம் ஆண்டு அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "வான் ஓடுற தூரத்தைக் கொஞ்சம் குறைச்சுத் தா. டீசல் கட்டுப்படியாகுதில்லை."

அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன என்பதை நான் உணர்வதற்குச் சில மாதங்கள் பிடித்தன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வழித்தடக் கணக்கு என்று இன்று அழைக்கப்படும் துறை 1959ஆம் ஆண்டு டான்ட்சிக், ராம்சர் ஆகிய இருவரும் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையோடு தொடங்குகிறது. மொத்தக் களஞ்சியம் ஒன்றிலிருந்து பெற்றோல் நிலையங்களுக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் பாரவண்டிகளை எப்படி அனுப்பினால் மொத்தத் தூரம் குறையும் என்பதே அவர்களின் கேள்வி. நானும் தூரத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு தொடங்கினேன். தெருவழித் தூரங்களை வானின் மீற்றரில் பார்த்துக் குறித்தேன். ஒவ்வொரு முறையும் அடுத்துள்ள மிகக் கிட்டிய இடத்துக்குப் போவதென்ற எளிய விதியில் ஒரு சுற்றை அமைத்து, பிறகு அதைத் திருத்தினேன். திருத்தும் முறை பழையது: சுற்றில் இரண்டு இணைப்புகளை அறுத்து, நடுவிலுள்ள துண்டைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டுவது, தூரம் குறைந்தால் வைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் பழையபடி விடுவது. 1958இல் குரோஸ் இதை முன்வைத்தார். ஒரே நேரத்தில் மூன்று இணைப்புகளை அறுக்கும் முறையை 1965இல் லின் வளர்த்தெடுத்தார். ஒரு மாலை வேளையிலேயே என் மடிக்கணினி 60 கிலோமீற்றர் சுற்று ஒன்றைத் தந்துவிட்டது. அதுவரை வான் ஓடியது 71.

அந்தச் சுற்றின்படி ஓடிய முதல் வாரத்திலேயே இரண்டு நாள்கள் பால் பரிசோதனையில் தேறவில்லை. புளிக்கத் தொடங்கியிருந்ததால் அற்ககோலைக் கலந்தவுடன் திரிந்தது. முதலில் ஏற்றிய கான்களின் பால்தான் அது.

சாரதி அண்ணை என் தாளை வாங்கிப் பார்த்தார். கோபப்படவில்லை. "தம்பி, இது கிட்ட உள்ள பாலை முதல்ல ஏத்திக்கொண்டு ஊரெல்லாம் சுத்துது. வெறும் வானோட தூரத்துக்குப் போய், வரேக்கை ஏத்திக்கொண்டு வாறதுதானே முறை?" என்றார்.

அவர் சொன்னதை அன்றிரவு ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். மூன்று ஊர்கள் என்று வைப்போம். நிலையத்திலிருந்து முதல் ஊர் 3 கிலோமீற்றர்; அங்கிருந்து இரண்டாவது 3; அங்கிருந்து மூன்றாவது 4; மூன்றாவதிலிருந்து நிலையத்துக்கு நேரே 8. கிடைக்கும் பால் முறையே 60, 40, 20 லீற்றர். கிலோமீற்றருக்கு இரண்டு நிமிடம். நிற்கும் நேரத்தை விட்டுவிடுவோம். எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் தூரம் 18 கிலோமீற்றர்தான். ஆனால் கிட்டிய ஊரில் தொடங்கினால் அந்த 60 லீற்றரும் 30 நிமிடம் வானுக்குள் கிடக்கும். அடுத்த 40 லீற்றர் 24 நிமிடம். கடைசி 20 லீற்றர் 16 நிமிடம். லீற்றரை நிமிடத்தால் பெருக்கிக் கூட்டினால் 3,080 வருகிறது. தூரத்து ஊரில் தொடங்கினாலோ 20 லீற்றர் 20 நிமிடம், 40 லீற்றர் 12 நிமிடம், 60 லீற்றர் 6 நிமிடம், கூட்டுத்தொகை 1,240. ஒரு சொட்டு டீசலும் கூடுதலாகச் செலவாகவில்லை. பாலின் வயது, அதாவது பால் வானுக்குள் கிடந்த லீற்றர்-நிமிடம், பாதிக்கும் கீழே போய்விட்டது.

பாடநூல்களில் இந்தக் கணக்கைச் சொல்லும்போது, ஒரு சுற்றை இடம் வலமாகவோ வலம் இடமாகவோ ஓடினாலும் ஒன்றே என்று சொல்லி, சாத்தியங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கிவிடுவார்கள். பால் ஏற்றும் வானுக்கு அந்தப் பாதியாக்கல் பொருந்தாது. அதைவிட முக்கியமாக, நான் பெருமையோடு பயன்படுத்திய திருப்பி ஒட்டும் உத்தியின் வேகமே தூரம் திசையைப் பார்ப்பதில்லை என்பதில்தான் தங்கியிருந்தது. ஒரு துண்டைத் திருப்பும்போது அறுந்த இரண்டு இணைப்புகளின் தூரம் மட்டுமே மாறும். நடுவிலுள்ளவற்றைத் தொட வேண்டியதில்லை. பாலின் வயது என்று வந்தவுடன் துண்டுக்குள் இருக்கும் ஒவ்வோர் ஊரின் கணக்கும் மாறுகிறது. இதற்கு வழி உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் ஓட்டநேரம், மொத்த லீற்றர், நேராக ஓடினால் வரும் லீற்றர்-நிமிடம், தலைகீழாக ஓடினால் வரும் லீற்றர்-நிமிடம் ஆகிய நான்கையும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டால், துண்டுகளை எப்படி ஒட்டினாலும் புதிய தொகையை இரண்டொரு பெருக்கல்களில் பெற்றுவிடலாம். இதை எழுதி முடித்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை மணிக்கணக்கில் ஓடிய நிரல் நிமிடங்களுக்குள் வந்தது.

ஹியூரிஸ்டிக் என்ற சொல்லுக்குக் கலைச்சொல் அகராதிகளில் பல பெயர்கள் இருக்கின்றன. எனக்கு எங்கள் ஊர்ச் சொல்லான மட்டுக்கட்டுதலே மனதுக்கு ஒத்து வருகிறது. எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்காமல், பட்டறிவால் வந்த ஒரு விதியைக் கொண்டு நல்ல விடைக்குக் கிட்டப் போவது. எண்ணிப் பார்க்க ஏன் முடியாது என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. 23 இடங்களை வரிசைப்படுத்தும் வழிகள் 23 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். ஆனால் அந்த எண்ணைக் காட்டி அச்சுறுத்துவது நேர்மையல்ல. ஹெல்ட், கார்ப் ஆகியோர் 1962இல் தந்த முறையில், தூரம் ஒன்றுதான் அளவுகோல் என்றால், 23 இடங்களுக்குச் சுமார் 444 கோடி படிகள் போதும். இன்றைய கணினிக்கு அது பெரிய வேலையே அல்ல. சிக்கல் இரண்டாவது அளவுகோலில் இருக்கிறது. ஹெல்ட்-கார்ப் முறை, இன்னின்ன ஊர்களை முடித்து இந்த ஊரில் நிற்கிறேன் என்ற ஒவ்வொரு நிலைக்கும் மிகக் குறைந்த தூரம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது. தூரம், வயது என்று இரண்டு வந்துவிட்டால் ஒற்றை எண் போதாது: தூரம் குறைந்து வயது கூடிய வழி, தூரம் கூடி வயது குறைந்த வழி, இரண்டுக்கும் இடைப்பட்டவை என்று எதையும் தள்ளிவிட முடியாமல் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போகவேண்டும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் மிக எளிய வழி தேடலில்கூட, அளவுகோல் இரண்டானால் தள்ளமுடியாத வழிகளின் எண்ணிக்கை சில வரைபடங்களில் அடுக்கேற்றமாகப் பெருகும் என்று 1980இல் ஹான்சன் காட்டினார். ஆகவே மட்டுக்கட்டுதல் இங்கே சோம்பலால் வந்ததன்று.

தள்ளமுடியாத வழி என்று நான் சொல்வதைப் பொருளியலாளர் பரேட்டோவின் பெயரால் அழைப்பார்கள். ஒரு வழியைவிடத் தூரம், வயது இரண்டில் எதிலும் மோசமாகாமல், ஏதாவது ஒன்றிலாவது மேலான வேறொரு வழி இருந்தால், முதல் வழியைக் கிழித்துப் போட்டுவிடலாம். அப்படி ஒன்றும் இல்லாத வழிகளே மிஞ்சும். மிஞ்சியவற்றுக்குள் எது நல்லது என்று கணக்கு சொல்லாது.

அதை நான் முதலில் ஏற்றுக்கொள்ளவில்லை. கணினி ஒரு விடையைத்தான் தரவேண்டும் என்று நினைத்து, தூரத்தையும் வயதையும் ஒரே எண்ணாகக் கலந்தேன். ஒரு கிலோமீற்றர் இத்தனை நிமிடத்துக்குச் சமம் என்று ஒரு எடையை வைத்துக் கூட்டினால் பழைய ஒற்றை அளவுகோல் திரும்பக் கிடைத்துவிடும். பழைய நிரல்கள் அப்படியே ஓடும். எடையை ஒன்றிலிருந்து பத்துவரை சிறிது சிறிதாக மாற்றி ஓட்டிப் பார்த்தேன். இங்கே வயது என்பது அன்று ஏற்றிய பாலில் மிகப் பழையது வானுக்குள் கிடந்த நிமிடங்கள். எடையை எப்படி வைத்தாலும் இரண்டு விடைகளில் ஒன்றுதான் வந்தது. ஒன்று, எல்லா இடங்களையும் ஒரே நடையில் முடிக்கும் 60 கிலோமீற்றர் சுற்று. அதில் பழைய பாலின் வயது 150 நிமிடம். மற்றது, கிழக்கே ஒரு நடை, மேற்கே ஒரு நடை என்று சமமாகப் பிரிந்த 80 கிலோமீற்றர். வயது 70 நிமிடம். இரண்டாம் நடைக்காரர்கள் பிந்திக் கறந்தால் போதும் என்பதால் அவர்களுக்கும் பாதிப்பில்லை. ஆனால் 80 கிலோமீற்றரை அப்பா ஏற்கமாட்டார். 150 நிமிடத்தைப் பங்குனி வெய்யில் ஏற்காது.

"ரெண்டுக்கும் நடுவிலை ஒண்டும் இல்லையோ, தம்பி?" என்று சாரதி அண்ணை கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன். அது பிழை. இருந்தது. இணுவில், சுன்னாகம் பக்கத்து ஒன்பது இடங்களை மட்டும் ஒரு குறு நடையாகப் பிரித்து, மிச்சத்தை ஒரு நீள் நடையில் முடிக்கும் வழி: 72 கிலோமீற்றர், 105 நிமிடம். என் எடைமுறை அதை ஒருபோதும் காட்டியிருக்க முடியாது என்பதைக் கையாலேயே சரிபார்க்கலாம். இந்த நடு வழி 60 கிலோமீற்றர் வழியை வெல்லவேண்டுமானால், கூடுதலான 12 கிலோமீற்றரின் விலை, மிச்சமாகும் 45 நிமிடத்தைவிடக் குறைவாக இருக்கவேண்டும். அதாவது எடை 3.75க்குக் கீழே. அதுவே 80 கிலோமீற்றர் வழியை வெல்லவேண்டுமானால், மிச்சமாகும் 8 கிலோமீற்றரின் விலை, கூடுதலான 35 நிமிடத்தைவிட அதிகமாக இருக்கவேண்டும். அதாவது எடை 4.375க்கு மேலே. ஒரே எண் 3.75க்குக் கீழும் 4.375க்கு மேலும் இருக்க முடியாது. தாளில் மூன்று புள்ளிகளைக் குறித்துப் பார்த்தால், இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டுக்குச் சற்று மேலே, உள்வளைந்த பள்ளத்தில் இந்த நடுப்புள்ளி ஒளிந்திருப்பது தெரியும். அது தள்ளமுடியாத வழிதான். ஆனால் எடைபோட்டுத் தேடுகிறவன் கண்ணில் படாது. ஒரு மாதம் முழுவதும் எடையை நுணுக்கமாக மாற்றிக்கொண்டிருந்தது எதற்கும் உதவவில்லை. தவறு எடையின் அளவில் இல்லை. இரண்டையும் ஒரே தராசுத் தட்டில் போட்டதில் இருந்தது.

அதைக் கண்டெடுத்த முறை 1971இல் ஹைம்ஸ், லாஸ்டன், விஸ்மர் ஆகியோர் எழுதியது. இரண்டு அளவுகோல்களைக் கலக்காமல், ஒன்றுக்கு வரம்பு கட்டிவிட்டு மற்றதை மட்டும் குறைப்பது. பால் வானுக்குள் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்பது அப்பாவின் நெடுநாள் விதி. 120 நிமிடம் என்று வேலியை அடைத்துவிட்டுத் தூரத்தைக் குறைக்கச் சொன்னவுடன் 72 கிலோமீற்றர் வழி வந்து நின்றது. வேலியை 100க்கு நகர்த்தினால் 80 கிலோமீற்றர் வழி. 160க்கு நகர்த்தினால் 60. வேலியைப் படிப்படியாக நகர்த்திக்கொண்டே போனால் பள்ளத்தில் இருப்பவையும் ஒவ்வொன்றாக வெளியே வரும். எனக்கு இந்த முறைமேல் ஏற்பட்ட மதிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கிலோமீற்றர் எத்தனை நிமிடத்துக்குச் சமம் என்று அப்பாவிடம் கேட்டபோது அவரால் விடை சொல்ல முடியவில்லை, யாராலும் முடியாது. பால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டபோது உடனே சொன்னார்.

பிறகு 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. ஓகஸ்ட் மாதம் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது வான் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று வரையறுத்தார்கள். எங்கள் வான் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும். வாரத்துக்கு 200, நாளுக்கு 28 கிலோமீற்றர். அதுவரை செலவாக இருந்த டீசல் ஒரே நாளில் மதிலாக மாறியது. எவ்வளவு விலை கொடுத்தாலும் 29ஆவது கிலோமீற்றர் இல்லை என்ற நிலையில், எடைமுறைக்கு எந்தப் பொருளும் இல்லை. வேலியை இப்போது தூரத்தின் பக்கம் அடைத்தேன். எல்லா இடங்களுக்கும் போகமுடியாது என்பதால் கேள்வியும் மாறிவிட்டது: 28 கிலோமீற்றருக்குள் எந்த ஒழுங்கை முகப்புகளுக்குப் போனால், மற்றவர்கள் சைக்கிளில் கொண்டுவந்து சேர்க்கக்கூடிய தொலைவுக்குள் அதிகப் பால் வரும்? இந்த வகைக் கணக்குக்குக் காட்டில் வரைபடத்தோடு ஓடும் ஓரியன்டீரிங் விளையாட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். அதுவும் எளிதில் தீராத கடுங்கணக்கு என்று 1987இல் கோல்டன், லெவி, வோரா ஆகிய மூவரும் நிறுவினார்கள். நாங்கள் ஆறு இடங்களைத் தேர்ந்தோம். ஏழாலையிலிருந்து ஒருவர் சைக்கிள் கரியரில் இரண்டு கான்களைக் கட்டிக்கொண்டு, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தி, ஒவ்வொரு காலையும் வந்தார். அவர் மிதித்த தூரம் என் தாளில் எந்தப் பத்தியிலும் இல்லை. பிறகு அதையும் மூன்றாவது அளவுகோலாகச் சேர்த்தேன்: வானுக்காகப் பிறர் சுமக்கும் தூரம்.

தேடும் முறைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். தொடக்கச் சுற்றுகளை அமைக்க எனக்கு மிகவும் பிடித்தது கிளார்க், ரைட் ஆகியோரின் 1964ஆம் ஆண்டு மிச்சக் கணக்கு. முதலாமவர் மான்செஸ்டரிலிருந்த கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கமொன்றில் பணியாற்றியவர் என்பது, கூட்டுறவுச் சங்கங்களைப் பார்த்தே வளர்ந்த எனக்குத் தனி மகிழ்ச்சி. ஒவ்வோர் ஊருக்கும் வான் தனித்தனியே போய்வருவதாக வைத்துக்கொண்டு, இரண்டு ஊர்களை ஒரே நடையில் இணைத்தால் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது: இரண்டு ஊர்களும் நிலையத்திலிருந்து இருக்கும் தூரங்களைக் கூட்டி, அவற்றுக்கிடையே உள்ள தூரத்தைக் கழித்தால் வருவதே மிச்சம். மிச்சம் பெரிதாக உள்ள இணைப்புகளை முதலில் செய்துகொண்டு போகலாம். நான் அதற்கு ஒரு பத்தி கூட்டினேன். இரண்டு ஊர்களை இணைக்கும்போது தூரத்தில் மிச்சம் வருகிறது. முதல் ஊரின் பால் நேரே வராமல் சுற்றிக்கொண்டு வருவதால் வயதில் நட்டம் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து, ஒவ்வோர் ஓட்டத்திலும் வெவ்வேறு முன்னுரிமையோடு இணைக்கவிட்டால், பலவிதமான தொடக்கச் சுற்றுகள் கிடைக்கும். எடைகள் இங்கே பயன்படுகின்றன. முடிவைத் தீர்மானிக்க அல்ல, வெவ்வேறு திசைகளில் தேடலைத் தொடக்கிவைக்க மட்டும்.

1974இல் கில்லட், மில்லர் இருவரும் தந்த துடைப்ப முறையை யாழ்ப்பாணத்துக்குப் பரிந்துரைக்கமாட்டேன். நிலையத்தை நடுவில் வைத்து, கடிகார முள்போல ஒரு கோட்டைச் சுழற்றி, அது தொடும் இடங்களை வரிசையாக ஏற்றிக்கொள்வது அந்த முறை. தட்டையான, எங்கும் தெருவுள்ள நிலத்துக்கு அது நன்றாக உதவும். எங்களுக்கோ நடுநடுவே கடல்நீரேரி. காரைநகரிலிருந்து பார்த்தால் ஊர்காவற்றுறை கண்ணுக்கு முன்னே. தெருவால் போவதென்றால் பொன்னாலைப் பாலத்தால் திரும்பி, யாழ்ப்பாண நகரத்துக்கு வந்து, பண்ணையால் வேலணைக்குப் போய்ச் சேரவேண்டும். அச்சுவேலிக்கும் வடமராட்சிக்கும் நடுவே வல்லை, தொண்டைமானாறு என்று கடக்கும் இடங்கள் ஒருசிலதான். பறவைபோகும் தூரத்தை நம்பும் எந்த முறையும் இங்கே நீருக்குள் வழிகாட்டும்.

கான்பூர் ஐஐடியில் கல்யாண்மொய் தேப் குழுவினர் உருவாக்கி 2002இல் வெளியிட்ட என்எஸ்ஜிஏ-2 என்ற மரபணுவழி முறை, பல அளவுகோல் தேடலில் உலகெங்கும் பயன்படுகிறது. ஒரே விடையை வளர்க்காமல் ஒரு கூட்டத்தையே வளர்த்து, தள்ளமுடியாதவற்றை முன்வரிசையிலும், அவற்றுள் நெருக்கியடிக்காமல் விலகி நிற்பவற்றை இன்னும் முன்னேயும் வைப்பது அதன் சிறப்பு. அந்த வரிசைப்படுத்தலை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆனால் இரண்டு சுற்றுகளைக் கலந்து புதிய சுற்றை உண்டாக்கும் பகுதி எங்கள் வரைபடத்தில் உதவவில்லை. சங்கானை, சித்தங்கேணி, மூளாய் என்று இயல்பாகத் தொடரும் வரிசைகளை அது இடையில் முறித்துவிடும். அதற்குப் பதிலாக, தள்ளமுடியாத சுற்றுகளை ஒரு பெட்டியில் சேர்த்துவைத்து, ஒவ்வொன்றிலும் துண்டு திருப்புதல், ஓர் ஊரை எடுத்து வேறிடத்தில் செருகுதல், ஒரு நடையிலிருந்து மற்ற நடைக்கு மாற்றுதல் ஆகிய மூன்றையும் செய்து பார்த்து, புதிதாய் மிஞ்சுவதைப் பெட்டிக்குள் போட்டு, அதனால் தோற்றதை வெளியே எடுக்கும் எளிய முறையே எனக்குப் போதுமாக இருந்தது. பெட்டி மாறாமல் நின்றுவிட்டால், ஐந்தாறு ஊர்களை உருவி எறிந்துவிட்டு மீண்டும் செருகச் சொல்வேன். சுமை கூடினால் டீசலும் கூடும் என்பதை, பெக்டாஷ், லப்போர்ட் ஆகியோரின் 2011ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்த பிறகு சேர்த்தேன். அது வந்ததும், வெறும் வானோடு தூரத்துக்குப் போய் வரும்போது ஏற்றும் சாரதி அண்ணையின் வழக்கத்துக்கு இன்னொரு காரணமும் கிடைத்தது.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பெட்டியிலிருந்து நான்கோ ஐந்தோ வழிகளை அச்செடுத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே கிலோமீற்றர், பழைய பாலின் நிமிடம், மற்றவர்கள் கொண்டுவரும் தூரம் என்று மூன்று எண்கள். அடுத்த வழிக்கு மாறினால் எது எவ்வளவு கூடும், எது எவ்வளவு குறையும் என்று கீழே ஒரு வரி. அப்பாவும் சாரதி அண்ணையும் வான் கதவில் தாளை வைத்துப் பேசி ஒன்றைக் குறிப்பார்கள். வெய்யில் ஏறும் வாரங்களில் இரண்டாவது எண்ணைப் பார்க்கிறார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றித் தெருக்கள் மூடப்படுவதால் நகரப் பக்கத்து வழிகளை அண்ணை கையாலேயே வெட்டிவிடுவார்.

மாரிதான் இன்னும் சரியாக அமையவில்லை. கார்த்திகையில் வழுக்கையாறு நிறைந்தால் கந்தரோடையிலிருந்து நவாலிவரை வயலோர ஒழுங்கைகள் சில நாள்களுக்கு வானுக்கு உதவாது. கோடையில் அளந்த நிமிடங்கள் அப்போது பொய்யாகிவிடும். சென்ற மாரியில் அண்ணை தன் கைபேசியில் ஒவ்வோர் இடத்துக்கும் போய்ச் சேர்ந்த நேரத்தைக் குறித்துத் தந்தார். 23 இடங்களில் பதினொன்றுக்கு மட்டும் போதுமான நாள்கள் கிடைத்தன. மிச்சம் பன்னிரண்டுக்கும் வரும் கார்த்திகையில் குறிக்கவேண்டும்.